ஒரே ஒரு வாங்க

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி, சத்தியம். கற்பூரம் அணைத்தே சொல்லியிருப்பேன். ஆனால் இது நடந்தது நிலாவில். அங்கே காற்று பெட்டியில் வந்து இறங்குகிற சரக்கு. தீக்குச்சி கிழித்தவனைக் குடியிருப்பை விட்டு வெளியே தள்ளிவிடுவார்கள். வெளியே என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

குடியிருப்பின் பெயர் வெண்குளம். குளம் கிடையாது. ஒரு பள்ளத்துக்கு மூடி போட்டு உள்ளே ஆட்களைக் குடிவைத்திருந்தார்கள். பள்ளத்தைப் பள்ளம் என்றே எழுதினால் யாரும் குடிவர மாட்டார்கள் என்று குளம் ஆக்கினார்கள். நான் அங்கே போனது முழங்கால் வலிக்காக. நிலாவில் உடம்பு ஆறில் ஒரு பங்குதான் கனக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரியாகத்தான் சொன்னார். வலியும் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. மிச்ச வலியைப் பேச்சில் கழித்தேன்.

சும்மா பேசிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து மாற்றச் சபையில் போட்டார்கள். வெண்குளத்து இயந்திரங்களில் யார் ஒரு வரியை மாற்றி எழுதினாலும் எழுதியவர், சரிபார்ப்பவர், இவர்களோடு ஒன்றும் தெரியாத ஒருவர் என்று மூன்று பேர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஒன்றும் தெரியாதவர் பதவிக்குப் பலத்த போட்டி இருந்தது. நான் ஜெயித்தேன். ஒவ்வொரு மாற்றத்தைப் பற்றியும் தோன்றியதைக் கேட்பது என் கடமை.

அன்று காலையில் வந்த மாற்றம் வாசலைப் பற்றியது.

வெண்குளத்துக்கு இருந்தது ஒரே வாசல். அதற்கு இரண்டு கதவுகள், நடுவில் ஓர் அறை. வருகிறவர் வெளிக்கதவு வழியாக அறைக்குள் நுழைய வேண்டும். அந்தக் கதவு மூடி, அறையில் காற்று நிரம்பிய பிறகுதான் உள்கதவு திறக்கும். ஒன்று மூடாமல் மற்றது திறக்காது. திறந்தால் ஊர்க்காற்று முழுவதும் ஒரே கொட்டாவியில் வெளியே போய்விடும். இதையெல்லாம் கவனித்துக்கொள்கிற இயந்திரத்துக்கும் வாசல் என்றுதான் பெயர். வாசலுக்குப் பேச்சு உண்டு. வருகிறவரைப் பார்த்து "வாங்க" என்று சொல்லும். சொல்வதை நிறுத்தத் தெரியாததுதான் கோளாறு. போன மாதம் ஒரு பல் டாக்டர் வந்தார். வந்து, எனக்குப் பல்செட் அளவு எடுத்து, காப்பி குடித்து, அவர் கிளம்பிப் போகிறபோதும் வாசல் அவரைப் பார்த்து வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தது. மனிதர் குழம்பிப் போய்த் திரும்பி வந்து இன்னொரு காப்பி குடித்தார்.

மாற்றத்தை எழுதியவர் ஜெபஸ்டின். நாகர்கோவில்காரர், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், தான் எழுதியதைத் தானே ரசித்துப் படிக்கிறவர். சரிபார்ப்பவள் குமுதவல்லி. வேலையில் கறார். அன்றைக்கு மட்டும் தலையில் துணி மல்லிகை வைத்திருந்தாள். காய்கறிக் கூடத்தில் பூசணி வளர்க்கிற நம்பிராஜனுக்கும் அவளுக்கும் கல்யாணப் பேச்சு. பையனின் அம்மா போன வாரமே தென்மேட்டுக் குடியிருப்பிலிருந்து வந்து பார்த்து, பிடித்துப்போய், ஒரு பூசணியும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். பாக்கி இருந்தது அப்பா ஆவுடையப்பன் வந்து சம்மதம் சொல்வது. அன்று மத்தியானம் வருவதாக ஏற்பாடு. குமுதாவின் பெற்றோர் பூமியில். பெண் வீட்டுப் பெரியவர் வேலையும் என் தலையில்தான்.

"என்னப்பா செய்யுது இது?" என்று கேட்டு என் கடமையைத் தொடங்கினேன்.

"அண்ணாச்சி, வாசலு தெனமும் ஒருக்கா தூங்கி எழும்பும்," என்றார் ஜெபஸ்டின். "எழும்புனதும் தான் ஆருன்னே அதுக்குத் தெரியாது. ஒரு கோப்பு இருக்கு, அதப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிடும். அந்தக் கோப்புல 'வாங்க'ன்னு ஒரு வரி எழுதி வைக்கியதுக்கு ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட், கட்டளைச் சீட்டு மாதிரி, உண்டு."

"நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனா அது தெனமும் எழுதுது. நேத்து எழுதினது கெடக்கான்னு பாக்காது. கடைசில போயி இன்னொண்ணச் சேக்கும். இப்ப கோப்பு பூரா வாங்க வாங்கன்னு வரிசையா நிக்கி. எத்தன வரி உண்டோ அத்தன தடவ வாசலும் சொல்லுது."

"நீ என்ன பண்ணியிருக்கே?"

"சேக்கியதுக்கு முன்னால தேடச் சொல்லியிருக்கேன். அந்த வரி ஏற்கெனவே இருந்தா பேசாம இரு. இல்லன்னா மட்டும் சேத்துரு. பழைய குப்பையையும் கூட்டி, ஒரே மாதிரி இருக்கியதுல ஒண்ணு மட்டும் விட்டு வச்சாச்சு." அவர் திரையை ஒரு தடவை பெருமையாகப் பார்த்துக்கொண்டார். சிவப்பில் இருந்த வரிகள் போகிறவை, பச்சையில் இருந்தவை வருகிறவை. பார்க்கத் தோட்டம் மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

குமுதா மூக்கைச் சொறிந்தாள். அவள் மூக்கைச் சொறிந்தால் எழுதியவருக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

"அண்ணே, தேடுறது சரியில்ல. 'வாங்க'ன்னு தேடுறீங்க. கோப்புல 'வாங்கலாம்'னு ஒரு வரி இருந்தா, அதுக்குள்ளயும் ஒரு 'வாங்க' இருக்குல்ல? ஆஹா, இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இது சேர்க்காமலே போயிரும். முழு வரியும் அச்சு அசலா ஒண்ணா இருந்தாத்தான் ஒண்ணுன்னு எடுத்துக்கணும்."

"அதும் சரிதான்." ஜெபஸ்டின் அந்த இடத்திலேயே திருத்தினார்.

"இந்தச் சேர்க்குற வேலைய வேற யாராச்சும் பயன்படுத்துறாங்களா?"

"தேடிப் பாத்தாச்சு மக்ளே. வாசலைத் தவிர ஒருத்தரும் இல்ல."

அது உண்மை. வாசலைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. வாசல் அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்துகிறது என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்கலாம்தான், ஆனால் அப்போது எனக்கு மதியச் சாப்பாட்டைப் பற்றித்தான் தோன்றியது.

குமுதா ஏற்புப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் தெரியாதவர் என்ற இடத்தில் நான் கைநாட்டு வைத்தேன். வாசலைத் தூங்கவைத்து எழுப்பினார்கள். இனிமேல் ஊர் அமைதியாக இருக்கும் என்று ஜெபஸ்டின் சொன்னார்.

ஆவுடையப்பன் குடும்பத்துக்கு ரோஷம் பரம்பரைச் சொத்து. அவருடைய பெரியப்பா ஒருத்தர் கல்யாணப் பந்தியில் பாயச வாளி தன் இலையைத் தாண்டிப் போய்விட்டது என்று இலையை மூடிவிட்டு எழுந்தவர். சாகிறவரை அந்த ஜில்லாவில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. நிலாவுக்குக் குடிவந்தபோது மூட்டை முடிச்சுகளுக்கு எடைக் கட்டுப்பாடு வைத்தார்கள். ரோஷத்துக்கு எடை போடவில்லை. ஆவுடையப்பன் முழுவதையும் கொண்டுவந்துவிட்டார்.

சொன்ன நேரத்துக்குத் தென்மேட்டு வண்டி வந்து நின்றது. இறங்கினார். காற்றுச்சட்டைக்கு மேல் தோளில் சரிகை நேரியல் போட்டிருந்தார். சாயங்காலம் வந்தால் போதும் என்று வண்டியைத் திருப்பி அனுப்பினார். வண்டி போனதும் மிடுக்காக வாசலுக்கு எதிரே வந்து நின்றார். நாங்கள் நாலு பேரும், அதாவது நானும் குமுதாவும் ஜெபஸ்டினும் நம்பிராஜனும், உள்கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளிக்கதவு திறந்தது.

"வாங்க," என்றது வாசல்.

ஆவுடையப்பன் காத்திருந்தார். பழக்கதோஷத்தில் நாங்களும் காத்திருந்தோம். வாசல் தன் கடமை முடிந்தது என்று பேசாமல் இருந்தது.

"என்னவே இது?" என்று வானொலியில் அவர் குரல் வந்தது. "ஒரு வாங்கதானா?"

நான் பாய்ந்துபோய் ஒலிவாங்கியைப் பிடித்தேன். "வாங்க வாங்க, சம்பந்தி! வாங்க!"

"சம்பந்தியா?" என்றார் அவர். "மொட்டையா சம்பந்திங்கீரு? மேல கீழ ஒண்ணும் கெடையாதா? ஏட்டையா கூப்புடுத மாதிரி இருக்கு!"

எனக்குப் புரியவில்லை. "மன்னிக்கணும் மன்னிக்கணும்! தப்பா நினைக்காதீங்க!"

"ஒரு மன்னிக்கணுமா? எங்கூர்ல தெரியாமக் கால் பட்டாலே ரெண்டு மன்னிப்புவே!" அவர் நேரியலைச் சரிசெய்துகொண்டார். "கேட்டுக்கிடும். ஒருதரம் சொன்னா அது மரியாதைக்குச் சொல்லுதது. ரெண்டுதரம் சொன்னாத்தான் மனசாரச் சொல்லுதது. இலையில போடுதவன் ஒருதரம் 'வச்சுக்கிடுங்க'ன்னா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன். ஒருதரம் கூப்பிட்ட வீட்டுக்குள்ள எங்க வம்சத்துல எவனும் காலெடுத்து வச்சதில்ல. நான் வாரேன்."

எங்கள் பக்கம் "வாரேன்" என்றால் போகிறேன் என்று அர்த்தம். திரும்பி நடக்கத் தொடங்கினார்.

ஜெபஸ்டின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணாச்சி, நீங்க சொன்னதுல பாதிதான் அவருக்குப் போயிருக்கு. வெளிய போற பேச்சும் வாசல் வழியாத்தான் போவுது. அதையும் அது சொல்லுக்கொரு வரியா கோப்புல எழுதித்தான் அனுப்புது..."

"ஏற்கெனவே இருக்குற வரி மறுபடி சேராது," என்றாள் குமுதா. அவளும் வெளுத்திருந்தாள். "ஒரு சொல்லை ஒருதடவை சொல்லிட்டா அவ்வளவுதான். அப்புறம் அது அவருக்குக் கேக்கவே கேக்காது."

"அப்போ பழையபடி மாத்து!" என்றேன்.

"மாத்துனா வாசலைத் தூங்க வச்சு எழுப்பணும். வெளிக்கதவு தொறந்திருந்தா அது தூங்காது. வாங்கன்னு கூப்பிட்ட ஆளு உள்ள வராம வெளிக்கதவ மூடாது," என்றார் ஜெபஸ்டின்.

"வெளியே போய் இழுத்துட்டு வந்துடலாமே?"

"வெளிக்கதவு மூடாம உள்கதவு தொறக்காது, பெரியப்பா," என்றாள் குமுதா.

ஒழுங்காக எழுதப்பட்ட இயந்திரம். ஒரு வரியிலும் தப்பு இல்லை.

தென்மேட்டுக்கு நடந்து போகிற தூரம் இல்லை. அவர் முதுகுக் குப்பியில் இருந்தது வண்டியிலிருந்து இறங்கி வாசலைக் கடக்கிற அளவு காற்று; விருந்தாளிக்கு அது தாராளம். குப்பியின் மேல் ஒரு விளக்கு எரியும். பச்சையாக இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சளாயிற்று.

நம்பிராஜன் என்னைத் தள்ளிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தான். அதிகம் பேசாத பையன். "அப்பா! அப்பா! நில்லுங்கப்பா! அப்பா!"

ஆவுடையப்பன் ஒரு நொடி நின்றார். "பெத்த பயலும் ஒருதரந்தான் அப்பாங்கான்," என்று சொன்னார். எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை. மறுபடி நடந்தார்.

அதன் பிறகு நாங்கள் இருந்த சொற்களையெல்லாம் செலவு செய்தோம். "திரும்புங்க" போயிற்று. "காத்து தீரப்போவுது ஓய்" என்று ஜெபஸ்டின் சொன்னதற்கு, "தீரட்டும்" என்று பதில் வந்தது. பேச்சுக் கையிருப்பு அதிகம் உள்ளவன் நான்தான். பதற்றத்தில் எல்லாவற்றையும் வாரி இறைத்துவிட்டேன். கடைசியில் "பூசணிக்காய்" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அது போய்ச் சேர்ந்தது. பலன் இல்லை.

நம்பிராஜன் கண்ணாடியில் நெற்றியை வைத்து அழுதுகொண்டிருந்தான். குமுதா அவனைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், மூக்கைச் சொறிந்தாள்.

"அண்ணே, முழு வரியும் அச்சு அசலா இருந்தாத்தானே ஒண்ணு? காலையில அப்படித்தானே திருத்தினோம்?"

"ஆமா."

"சொல்லு எங்க முடியுதுன்னு வாசலுக்கு எப்படித் தெரியும்?"

"நாம நிறுத்துத எடத்துல. எடவெளி விட்டா அடுத்த வரி."

"விடலைன்னா?"

ஜெபஸ்டின் விரலால் காற்றில் ஒரு வரி எழுதிப் பார்த்தார். "விடலன்னா ஒரே சொல்லுன்னு எடுத்துக்கிடும். புது வரி. போவும். ஆனா ஒருக்காதான் போவும் மக்ளே. கொளறிட்டா அந்தக் கொளறலும் கோப்புல விழும், எடவெளி விட்டா அதும் போச்சு."

யார் சொல்வது? நான் பேசினால் பல்செட் சொல்லுக்கு நடுவில் ஒரு தட்டுத் தட்டும். ஜெபஸ்டினுக்கு மூச்சு வாங்கியது. நம்பிராஜன் இருந்த நிலையில் ஒரு எழுத்தைக்கூட முழுதாகச் சொல்ல மாட்டான். குமுதா ஒலிவாங்கியை எடுத்தாள். அதுவரை அவள் அந்த மனிதரிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. சம்மதம் சொல்லாத வீட்டாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது அவளுக்கு முடிவாகாமல் இருந்தது. "அய்யா" என்பதா, "சார்" என்பதா? சரியான சொல் என்ன என்று தெரியும். அது அவர் சம்மதித்த பிறகு வர வேண்டிய சொல்.

வெளியே விளக்கு சிவப்பாயிற்று.

மூச்சை இழுத்து, ஒரே ஓட்டத்தில் சொன்னாள்.

"வாங்கவாங்கமாமா."

ஆவுடையப்பன் நின்றார். இந்தத் தடவை ஒரு நொடிக்கு மேல் நின்றார். மெதுவாகத் திரும்பினார்.

"யாரு தாயி அது?" என்றார். "நம்பி சொன்ன புள்ளையா?"

குமுதா "ஆமா" என்றாள். அந்த "ஆமா"வை நான் எப்போதோ செலவழித்திருந்தேன். போகவில்லை.

"என்ன சொன்ன? சரியாக் காதுல விழல. இன்னொருதரம் சொல்லு."

குமுதா சொன்னாள். அதே ஓட்டம், அதே மூச்சு. கோப்பில் அந்த வரி ஏற்கெனவே இருந்தது. வெளியே ஒன்றும் கேட்கவில்லை. அவர் தலைக்கவசத்தைக் கையால் தட்டிப் பார்த்தார். நேரியலின் நுனியால் காதுப்பக்கத்தைத் துடைத்தார்.

"சொல்லுத்தா. கடைசில ஒண்ணு சொன்னியே, அது."

குமுதா மறுபடியும் சொன்னாள். கண்ணாடி முழுவதும் அவள் மூச்சுப் படிந்தது.

"எழவு, இந்த ரேடியோவுல ஒண்ணும் வெளங்கல," என்றார் ஆவுடையப்பன். "இரு, உள்ள வந்து கேட்டுக்கிடுதேன்."

வேட்டி கட்டிய மனிதர் மழைக்கு ஓடுகிற மாதிரி, நிலாவின் எடைக்குறைவில் எகிறி எகிறி வந்தார். நடு அறைக்குள் நுழைந்ததும் வெளிக்கதவு மூடியது. காற்று நிரம்புகிற சத்தம் அன்றைக்குத்தான் எனக்குக் காது குளிரக் கேட்டது. உள்கதவு திறந்தது. தலைக்கவசத்தைக் கழற்றி நம்பிராஜன் கையில் கொடுத்தார். முகம் நீலம் பாரித்திருந்தது. இரண்டு தடவை மூச்சை இழுத்துவிட்டார்.

"இப்பச் சொல்லு."

"வாங்க," என்றாள் குமுதா. கொஞ்சம் இடைவெளி விட்டாள். "வாங்க, மாமா."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "ம். ரெண்டு," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து காப்பி கேட்டார். சம்மதத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அது முடிந்துவிட்டது.

மறுநாள் மாற்றச் சபை கூடியது. ஜெபஸ்டின் பெருமை இல்லாமல் எழுதிக்கொண்டு வந்த மாற்றம் இரண்டு பகுதி. முதல் பகுதியில் "வாங்க" என்ற வரி போய், சேர்த்து எழுதிய "வாங்கவாங்க" வந்தது. ஒரே வரி, எத்தனை நாள் தூங்கி எழுந்தாலும் பெருகாது, குறையாது. குமுதா மூக்கைச் சொறியாமல் ஏற்றாள். இரண்டாவது பகுதி, வெளியே போகிற பேச்சை இந்தத் தேடலிலிருந்து விடுவிப்பது. அதற்கு ஊரில் எதிர்ப்பு கிளம்பிவிட்டது. வெளியே வேலைக்குப் போகிற கணவன்மார்களும் உள்ளே இருக்கிற மனைவிமார்களும், உள்ளே இருக்கிற கணவன்மார்களும் வெளியே வேலைக்குப் போகிற மனைவிமார்களும் சேர்ந்து வந்து நின்றார்கள். வானொலியில் சண்டை இப்போதெல்லாம் ஒரு சுற்றோடு முடிந்துவிடுகிறதாம். போன வருஷத்துக் குற்றச்சாட்டை மறுபடி எடுத்தால் போவதில்லையாம். தயவுசெய்து இப்படியே விட்டுவிடுங்கள் என்றார்கள். எனக்கு அதில் கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அந்தப் பகுதி இன்னும் நிலுவையில் கிடக்கிறது.

ஆனால் ஒன்று மாறிப்போயிற்று. வெண்குளத்தில் அதற்குப் பிறகு ஒரு தடவை சொன்னதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "கடனைத் தந்துடறேன்" என்றால் "இன்னொரு தடவை சொல்லு" என்பார்கள். குமுதா கல்யாணத்தில் தாலி கட்டுகிறபோது சம்மதமா என்று கேட்டதற்கு அவள் "சம்மதம்" என்றாள். பந்தல் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஆவுடையப்பன் ஒரு விரலை மடக்கி வைத்திருந்தார். "சம்மதம்" என்று அவள் மறுபடி சொன்ன பிறகுதான் மேளம் கொட்டியது. அவர்கள் இருவரும் சுகமாக இருக்கிறார்கள். என் முழங்காலும் பரவாயில்லை. ஒரு தடவை சொல்வது மரியாதைக்கு, இரண்டு தடவை சொல்வது மனசார. அந்த ஊரில் இருந்த பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது, இன்னும் விடவில்லை.

இந்தக் கதையின் முதல் வரியில் சத்தியம் என்ற சொல் ஒரு தடவைதான் இருக்கிறது.